பாசி பிடித்த செம்பு

என் தாய்மாமன் நாகர்கோவிலில் முலாம் பட்டறை வைத்திருக்கிறார். குத்துவிளக்கு, பூசைத் தட்டு, கதவுக் கைப்பிடி, பாட்டி காலத்துப் பாத்திரம் என்று வருகிற எல்லாவற்றையும் தேய்த்து மெருகேற்றி, செம்போ நிக்கலோ வெள்ளியோ கேட்ட முலாமைப் பூசிக் கொடுப்பது அவர் தொழில். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த பொருளை வரிசையாக வைத்திருக்கும் மூன்று வாளித் தண்ணீரில் முக்கி அலசுவார்கள். செம்புத் தொட்டிக்கு அடுத்த முதல் வாளி மயில்துத்தத்தின் நீலத்தில் இருக்கும்; இரண்டாவது வெளுத்திருக்கும்; மூன்றாவது வாளியின் தண்ணீரைப் பார்த்தால் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் என்றே தோன்றும். மாலையில் மூன்றையும் ஓடையில் கவிழ்த்துவிட்டுக் கதவை அடைப்பார்கள். நான் சிறுவனாக அந்தப் பட்டறையில் ஓடித் திரிந்த காலம் தொட்டு இதுவே வழக்கம்.

கல்லூரியில் தாவரவியல் பயிற்றுவிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அந்த மூன்றாவது வாளியைக் காட்டி, இதிலும் செம்பு இருக்கிறது மாமா என்றேன். அவர் மறுக்கவில்லை. "கண்ணுக்கே தெரியாத அளவுல கெடக்கது என்ன செய்யும் மக்களே?" என்று கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்ட கேள்வி அது. அதற்கு உரிய விடையைச் சொல்ல எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். செம்பு, பாதரசத்தைப் போன்றதன்று. நம் உடலுக்குச் சிறிதளவு செம்பு தேவைப்படுகிறது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. ஆனால் மனிதனுக்குப் பொறுக்கக்கூடிய அளவே நீரில் வாழும் சிற்றுயிர்களுக்குப் பொறுக்க முடியாததாகிவிடும். எங்கள் மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் மழைக்கு முன்னர் செம்பு மருந்து தெளிப்பது, இலையை உதிர்க்கும் பூசணத்தைக் கொல்வதற்காகத்தான். நத்தைக்கும் மீன் குஞ்சுக்கும் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிக்கும் அது அதே வேலையைச் செய்யும். கழிவுநீரை ஆற்றிலோ குளத்திலோ விடுவதற்குரிய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொது விதி, லிட்டருக்கு 3 மில்லிகிராம் செம்பு வரைதான் இடம் கொடுக்கிறது. ஈயத்துக்கு அந்த வரம்பு 0.1, பாதரசத்துக்கு 0.01.

இந்த ஊரின் ஓடைகளும் வாய்க்கால்களும் தேடிப் போகும் ஆறு பழையாறு. அது சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. வழியிலுள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றவை. மணக்குடிக் காயலில் பிடிக்கிற மீன் மறுநாள் எங்கள் சந்தைக்கு வருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் ஒரு புதிய நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாகி, விரிகுடாவில் கலந்த பாதரசம் மீன் வழியாக மனிதரின் மூளைக்கும் நரம்புக்கும் ஏறியதே காரணம் என்று பின்னர் வெளிப்பட்டபோது, கடல் பெரிது, எதைக் கலந்தாலும் கரைந்து போய்விடும் என்ற நம்பிக்கை முறிந்தது. கடல் கலைத்துவிட்டதை மிதவையுயிரும் சிறுமீனும் பெருமீனும் படிப்படியாகத் திரட்டிக்கொண்டே வந்தன. செம்பு அவ்வாறு படிக்குப் படி பெருகுவதில்லை. எனினும் மண்ணில் படிந்த செம்பு அங்கேயே கிடக்கும். எந்த ஆண்டு வந்தாலும் அது செம்புதான்.

உலோகம் அழியாது என்பதுதான் இந்தப் பொருளின் அடிப்படை. நுண்ணுயிர்கள் கழிவைச் சுத்தம் செய்கின்றன என்றதும் பலருக்கு நினைவு வருவது எண்ணெய் தின்னும் பாக்டீரியா. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய அந்த உயிருக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் காப்புரிமை வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. எண்ணெய் கரிமப் பொருள். அதைத் தின்ற உயிர் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் உடைத்து வெளியிட முடியும். செம்பை உடைக்க எந்த உயிராலும் ஆகாது. அது தன் மேல் ஒட்ட வைத்துக்கொள்ளலாம், உள்ளே இழுத்துப் பூட்டி வைக்கலாம், கரையாத வேறொரு சேர்மமாக மாற்றி அடியில் படிய வைக்கலாம். மொத்தத்தில் இடத்தை மாற்றலாம், வடிவத்தை மாற்றலாம். பாசி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

வாளித் தண்ணீரின் செம்பைப் பாசியால் பிடித்துப் பார்க்கலாம் என்று முடிவுசெய்து, பட்டறைக்கு எந்தப் பாசி என்று யோசித்தபோது, முதலில் கல்லூரியில் நாங்கள் வளர்க்கும் குளோரெல்லா என்னும் பச்சை நுண்பாசியைத்தான் நினைத்தேன். உயிருள்ள நுண்பாசி உலோகத்தை உள்ளிழுத்து, பைட்டோகெலாட்டின் என்னும் சிறு புரதத் துண்டுகளால் கட்டிவைக்கும் ஆற்றல் கொண்டது. தாவரங்களில் இந்தச் சேர்மங்களை 1985-இல் அடையாளம் கண்டார்கள். விலங்குகளில் இதே வேலையைச் செய்யும் மெட்டல்லோதயோனீன் 1957-இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து கிடைத்தது. ஆனால் முதல் வாளி நீலம் குளோரெல்லாவுக்கு நஞ்சு. ஒரே இரவில் பச்சை வெளுத்து அடியில் சாம்பலாகப் படிந்தது. உயிரைக் காப்பாற்றிக்கொண்டே வேலையும் வாங்குவது பட்டறையின் மூலையில் நடக்கிற காரியம் அல்ல என்று விட்டேன்.

செத்த பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை. உயிர் போன பிறகும் செல்சுவர் அப்படியே இருக்கிறது. உலோகத்தைப் பற்றுவதில் பெரும்பங்கு அந்தச் சுவருடையது. அதிலும் பழுப்புக் கடற்பாசிகளின் சுவரில் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் நிறைந்திருக்கிறது. அதன் நெடுந்தொடர்களில் வரிசையாக உள்ள கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின் சுமை கொண்டவை. நேர்மின் சுமையுடைய உலோக அயனி அருகில் வந்தால் பிடித்துக்கொள்ளும். முட்டை அடுக்கும் அட்டைகள் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, இடையிலுள்ள குழிகளில் முட்டைகள் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டால், அதுதான் ஆல்ஜினேட்டும் கால்சியமும். இயற்கையில் கடல்நீரின் கால்சியமும் சோடியமும் மக்னீசியமும் அந்த இடங்களில் இருக்கின்றன. செம்பு வந்தால் கால்சியம் எழுந்து இடம் கொடுக்கிறது. ஈயத்துக்கு அதைவிட முன்னுரிமை. நிக்கலும் துத்தநாகமும் கால்சியத்துக்குப் பின்வரிசையில் நிற்பவை. ஆகவே அவற்றை இந்த வழியில் பிடிப்பது கடினம். மாமனின் நிக்கல் வாளியை நாங்கள் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம்.

வெள்ளி முலாமின் வாளியையும் ஒதுக்கினோம். அதற்குக் காரணம் வேறு, இதைப் படித்து எவரேனும் செய்து பார்க்க நினைத்தால் அவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியதும் அதுதான். வெள்ளித் தொட்டியில் இருப்பது சயனைடு. அதில் கரைந்த வெள்ளி, சயனைடோடு பிணைந்து எதிர்மின் சுமையோடு திரிகிறது. எதிர்மின் சுமையுள்ள பாசிச்சுவர் அதைத் தொடாது. அதைவிட முக்கியம், அந்தத் தண்ணீரில் அமிலம் ஒரு கோப்பை விழுந்தாலும் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். சயனைடு தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே ஓடையில் கூட ஒன்றுசேரக் கூடாது. மாமனின் பட்டறையில் இரண்டும் ஒரே ஓடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இந்த முயற்சியால் நடந்த முதல் நன்மை, பாசி ஒரு கிராம் செம்பைப் பிடிப்பதற்கு முன்பே, அந்த இரண்டு வாளிகளுக்கும் தனித்தனிப் பீப்பாய்கள் வந்ததுதான்.

முட்டம் கடற்கரையின் பாறைகளில் பழுப்புப் பாசி இயற்கையாக வளர்கிறது. மண்டபம் பக்கத்தில் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசம் இனம் அது. கிளைகளின் இடையே மிளகளவில் காற்றுப்பைகள் தொங்கும், விரலால் நசுக்கினால் டப்பென்று உடையும். ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு கரையில் கொத்துக்கொத்தாக ஒதுங்கிக் கிடக்கும். பாறையில் இருப்பதை அறுக்காமல், ஒதுங்கியதை மட்டும் இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தோம். மணலும் உப்பும் போக நல்ல தண்ணீரில் நான்கு முறை அலசி, மொட்டை மாடியில் ஓலைப்பாயில் விரித்தோம். மூன்றாம் நாள் கருத்துச் சுருங்கி, கையில் எடுத்தால் முறுக்கைப் போல் நொறுங்கியது. இரண்டு சாக்குப் பாசியும் சேர்ந்து ஒரு சிறிய பானைக்குள் அடங்கிவிட்டது.

அதை இடித்து, தேயிலைத் தூளைவிடச் சற்றுப் பெரிதான துணுக்குகளைச் சலித்தெடுத்து, நான்கு அங்குல பிளாஸ்டிக் குழாயில் நிரப்பி, மேலே முதல் வாளித் தண்ணீரை ஊற்றினோம். அரை மணி நேரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. காய்ந்த பாசி தண்ணீரைக் குடித்து ஊதி, அதன் ஆல்ஜினேட் கரைந்து வழவழவென்று கஞ்சியாகியிருந்தது. கால்சியம் குளோரைடு கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் ஆல்ஜினேட் இறுகி நிற்கும் என்பது புத்தகத்தில் படித்து எனக்குத் தெரிந்ததுதான். அவசரத்தில் அந்தப் படியை விட்டிருந்தேன்.

இரண்டாவது முறை பாசி இறுகி நின்றது, தண்ணீரும் ஒழுங்காக இறங்கியது; ஆனால் மேலே ஊற்றிய நீலம் கீழேயும் நீலமாகவே வந்தது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை முக்கினால் சிவந்து 2 காட்டியது; இந்த எண் குறையக் குறைய அமிலம் மிகுதி. செம்புத் தொட்டியில் கந்தக அமிலம் இருப்பதால் அலசிய தண்ணீரிலும் அமிலம் மிகுதி. அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனிகளின் கூட்டம். அவை முந்திக்கொண்டு எல்லாக் குழிகளிலும் உட்கார்ந்துவிட்டால் செம்புக்கு இடமில்லை. ஆகவே தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி பிஎச் 5 வரை கொண்டுவந்து, தெளிய விட்டு, மீண்டும் ஊற்றினோம். சுண்ணாம்பை மேலும் கூட்டினால் செம்பு முழுவதும் சேறாக இறங்கிவிடும். அதுவும் ஒரு முறைதான், முதல் வாளியைப் போன்ற அடர்த்தியான கழிவுக்கு அதுவே மலிவு. சுண்ணாம்பு பிடித்த பிறகும் தண்ணீரில் தங்கும் கடைசி எச்சத்தையும், இரண்டாம் மூன்றாம் வாளிகளின் வெளுத்த தண்ணீரையும் பிடிப்பதில்தான் பாசியின் அருமை இருக்கிறது.

அந்த மூன்றாவது முயற்சியை நான் மறக்கவே மாட்டேன். உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்பதற்காக இம்முறை கண்ணாடிக் குழாய் வைத்திருந்தோம். பழுப்புப் பாசியின் மேல் விளிம்பு முதலில் பச்சையாகி, அந்தப் பச்சைக் கோடு விரலகலம் விரலகலமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கோட்டுக்குக் கீழே பாசி பழைய நிறத்திலேயே இருந்தது. கோடு அடியைத் தொடும்வரை கீழே சொட்டிய தண்ணீரில் நீலத்தின் சாயலே இல்லை. செம்பு இருக்கிறதா என்று சோதிக்க அம்மோனியா வேண்டும். ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அதில் அம்மோனியாதான் ஊற்றுகிறார்கள் என்பதால், குலசேகரத்தில் பால் வாங்கி விற்கும் நண்பரிடமிருந்து ஒரு சிறு குப்பி வாங்கி வந்திருந்தேன். மேலே ஊற்றும் தண்ணீரில் சில சொட்டு விட்டவுடன் மை கொட்டினாற்போல் அடர்நீலம் பரவியது. கீழே பிடித்த தண்ணீரில் விட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. மாமா தாமே குப்பியை வாங்கி இன்னும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார்.

நீலம் தெரியவில்லை என்பதால் செம்பு இல்லை என்று ஆகாது; லிட்டருக்கு ஐந்தாறு மில்லிகிராம் இருந்தால் கண்ணுக்கு அந்த நீலம் தெரிவதே அரிது. எனவே தண்ணீரைக் கருவியில் அளந்து பார்க்கக் கொடுத்தோம். முதல் பகுதித் தண்ணீர் 3 என்னும் வரம்புக்குள் இருந்தது. பச்சைக் கோடு அடியை நெருங்கிய நேரத்தில் பிடித்த தண்ணீர் வரம்பைத் தாண்டியிருந்தது. ஆகவே குழாயை எப்போது நிறுத்துவது என்று கண்ணை நம்பி முடிவுசெய்யக் கூடாது, கணக்கை நம்ப வேண்டும். ஒரு கிராம் காய்ந்த பாசி 30 மில்லிகிராம் செம்பைப் பிடிக்கும் என்று தாராளமில்லாமல் வைத்துக்கொண்டால், அரைக் கிலோப் பாசி 15 கிராமைப் பிடிக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் செம்புள்ள தண்ணீரானால் 300 லிட்டர். அதற்கு மேல் ஒரு வாளியும் ஊற்றக் கூடாது.

இதே வழியை உலகில் பலர் பெரிய அளவில் முயன்றிருக்கிறார்கள். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் போஹுமில் வோலெஸ்கி 1980-கள் முதல் இத்துறைக்கு அடித்தளம் அமைத்தார். குளோரெல்லாவைச் சிலிக்காவில் பதித்த ஆல்காசார்ப், அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் பயோ-ஃபிக்ஸ் மணிகள் போன்றவை வந்தன, சந்தையில் நிலைக்கவில்லை. இதே வேலையைச் செய்ய ஆலையில் தயாரிக்கப்படும் அயனிப் பரிமாற்றப் பிசின் எப்போது வாங்கினாலும் ஒரே தரத்தில் இருக்கும். கரையொதுங்கும் பாசி பருவத்துக்குப் பருவம் மாறும். பெரிய ஆலைக்கு அந்த மாறுபாடு ஒத்துவராது என்பது நியாயம். நாளுக்குச் சில வாளிகள் கழுவும் பட்டறைக்கு, விலையில்லாத பாசி ஒத்துவரும் என்பது என் துணிபு.

பாக்டீரியாவின் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் கடலோர ஊர்களில் அதை எல்லோரும் அறியாமலே அறிந்திருக்கிறார்கள். கயிறு திரிக்கக் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறப்போடும் காயல் ஓரத்துக் குழிகளில் சேறு மையாகக் கறுத்திருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். என் பாட்டி கதம்பை அடிக்கப் போன நாள்களில் காலிலிருந்த வெள்ளி மெட்டி கறுத்துவிடும் என்று அம்மா சொல்வார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்ப்பாராம். காற்றில்லாத சேற்றில் வாழும் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியா, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. அது வெள்ளியைத் தொட்டால் கறுப்பு வெள்ளிச் சல்பைடு. அதே வாயு செம்பையோ துத்தநாகத்தையோ காட்மியத்தையோ தண்ணீரில் சந்தித்தால், மிக மிகக் கரைதிறன் குறைந்த சல்பைடாக்கி அடியில் இறக்கிவிடும். நெதர்லாந்தின் புடல் என்னும் ஊரின் துத்தநாக ஆலையில், மாசுபட்ட நிலத்தடி நீரை இந்தப் பாக்டீரியாக்களைக் கொண்டே 1992 முதல் சுத்திகரித்தார்கள். இறங்கிய துத்தநாகச் சல்பைடு மீண்டும் உலைக்கே போனது. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முதலில் ஒரு தகவலாக மட்டுமே இருந்தது.

பாதரசத்தை எடுத்துக்கொள்ளும் பாக்டீரியாக்களும் உண்டு. அவை அயனியாக உள்ள பாதரசத்தைத் தனிமமாக்கி ஆவியாக வெளியேற்றிவிடும். தண்ணீர் சுத்தமாகும், காற்றில் பாதரசம் ஏறும். ஆவியைப் பிடித்து வைக்க ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு தெருவின் கழிவை அடுத்த தெருவுக்குத் தள்ளியதாகத்தான் முடியும். குளத்து ஆகாயத்தாமரை உலோகத்தை உறிஞ்சுகிறது என்பதும் உண்மையே; அதை வாரி வெளியே எடுக்காமல் அங்கேயே அழுக விட்டால் உறிஞ்சியதெல்லாம் திரும்பக் குளத்துக்குத்தான். குரோமியத்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தை மூன்று இணைதிறனுக்குக் குறைக்கும் பாக்டீரியாக்கள், வடிவத்தை மாற்றுவதாலேயே நஞ்சின் வீரியத்தைப் பெருமளவு தணித்துவிடுகின்றன.

பட்டறையில் ஒரு மாதம் குழாய் நன்றாக ஓடியது. வேலை முடிந்த பச்சைப் பாசியைத் தனிச் சாக்கில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை நான் போனபோது சாக்கு காலியாக இருந்தது. பட்டறையில் வேலை செய்யும் அண்ணன், கொல்லையில் நிற்கும் தென்னையின் மூட்டில் குழி வெட்டி அதைப் புதைத்திருந்தார். அவர் மேல் பிழை ஏதுமில்லை. கரையொதுங்கிய பாசியைத் தென்னைக்கு உரமாகப் போடுவது கடலோரத்தில் தலைமுறை வழக்கம். அந்தப் பாசியில் இப்போது என்ன இருக்கிறது என்று அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. முந்நூறு லிட்டரில் பரவிக் கிடந்ததை ஒரு சாக்கில் திரட்டிக் கொடுத்தது நான். அந்தச் சாக்கு யார் பொறுப்பு என்பதை முடிவுசெய்யாமல் விட்டதும் நான். இருவரும் மண்வெட்டி எடுத்து, பச்சை தெரிந்த மண்ணோடு சேர்த்து முழுவதையும் தோண்டி எடுத்தோம். ஒரு சாக்கு மூன்று சாக்காயிற்று. கிணறு அங்கிருந்து பத்தடி தொலைவில் இருந்தது.

மாமா அன்று மாலைதான் கேட்டார், "தண்ணியிலேருந்து எடுத்தாச்சு, செரி. பாசியிலேருந்து எப்ப எடுக்கப்போற?"

அதற்கும் வழி உண்டு. முன்னர் தடையாக நின்ற அமிலமே இங்கே உதவுகிறது. செம்பு ஏறிய பாசியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால், ஹைட்ரஜன் அயனிகள் குழிகளைப் பிடித்துக்கொண்டு செம்பை வெளியே தள்ளுகின்றன. முந்நூறு லிட்டரின் செம்பு இரண்டு மூன்று லிட்டர் கரைசலாக இறங்கிவிடும். பாசி பழைய பழுப்புக்குத் திரும்பும். கழுவி, கால்சியத்தில் ஊறவைத்தால் மறுபடியும் வேலை செய்யும், ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைவாக. அந்தக் கரைசலை முலாம் தொட்டிக்கே திருப்பிவிடலாமே என்றேன். மாமா தலையசைத்து மறுத்துவிட்டார். குளோரைடு கூடினால், பாசியின் பசை கொஞ்சம் கலந்தால், முலாம் மங்கிப் புள்ளி விழும் என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. நாற்பது ஆண்டு அனுபவத்துக்கு முன் நான் அதில் வாதாடவில்லை.

பிறகு அவரே மூலையிலிருந்து துருப்பிடித்த ஆணிகள் ஒரு பிடி எடுத்துவந்து நீலக் கரைசலில் போட்டார். இரும்பு கரைந்து செம்பு அதன் மேல் படியும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் ஒவ்வோர் ஆணியும் சில நிமிடங்களில் செங்கல் நிறச் சட்டை போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது வேறு. மறுநாள் காலையில் நீலம் போய்க் கரைசல் வெளிறிய பச்சையாகியிருந்தது; அது இரும்பு. அம்மோனியாச் சொட்டு விட்டுப் பார்த்தோம். கலங்கிய பச்சைச் சேறு இறங்கியது, தெளிந்த மேல்நீரில் நீலம் இல்லை. சுண்ணாம்பிட்டு இரும்பை இறக்கி அந்தச் சேற்றையும் மூடியுள்ள பீப்பாயில் போட்டுத் தேதி எழுதினோம். தென்னை மூட்டில் தோண்டிய மண் மூன்று சாக்கும் அதன் அருகில் இருக்கின்றன; அவற்றையும் அமிலத்தில் கழுவ வேண்டும், மண்ணில் அது பாசியைப் போல் எளிதில் விடாது.

ஆணிகளை உதறி, தாளில் வழித்துக் காயவைத்தபோது கிடைத்தது ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைவான சிவப்புத் தூள். மாமா அதை நகைத் தராசில் நிறுத்தார். பதினொரு கிராம். பழைய நாள்காட்டித் தாளில் மடித்து, மேலே பென்சிலால் "மூணாவது வாளி" என்று எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த டப்பாவில் வைத்தார்.